பயந்த கை போன இடம்

சங்கிலிபூதத்தான் போன ஐப்பசியில் இறந்தபோது ஊர்ப் பையன்கள் அடித்து ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அவர் படத்துக்கு மேலே ‘அஞ்சா நெஞ்சன்’ என்று போட்டிருந்தார்கள். அம்பாசமுத்திரம் பஸ் நிலையம் வரைக்கும் அது ஒட்டப்பட்டிருந்தது. ஊரில் யாருக்கும் அது அதிகப்படியாகத் தோன்றவில்லை. ஆடி அமாவாசைக் கூட்டத்தில் யாராவது தாமிரபரணியின் சுழலில் போய்விட்டால், தீயணைப்பு வண்டி வருவதற்கு முன்னால் ஆள் விட்டுக் கூப்பிடுவது அவரைத்தான். பாறை இடுக்கில் கையை விட்டுத் துழாவி, உடம்பை எடுத்துக்கொண்டு வந்து மணலில் கிடத்துவார். துண்டைப் பிழிந்து தலையைத் துவட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வரப்பு வெட்டப் போய்விடுவார்.

ஊர் சங்கிலிபூதத்தார் கோயிலுக்குச் சாமியாடியும் அவர்தான். அந்தச் சாமியின் பெயரைத்தான் அவருக்கு வைத்திருந்தார்கள். கோயில் கொடைத் திருவிழாவின்போது கனத்த இரும்புச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடுவார். சாமி முழுசாக இறங்கியதும் இரண்டு கையாலும் அதை இழுத்துப் பற்றித் தன் மார்பிலேயே ஓங்கி அடித்துக்கொள்வார். மயானத்துக்கு ஒற்றையாளாகப் போய்த் திரும்புகிறவரும் அவர்தான். இப்படிப்பட்டவரை அஞ்சாதவர் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? ஆனால் கடைசி இரண்டு வருஷமாக யாராவது அவர் காதுபட அப்படிச் சொன்னால் அவர் பேச்சை மாற்றுவார். மாற்ற முடியாவிட்டால் எழுந்து போய்விடுவார். கோயில் சங்கிலியையும் அந்த இரண்டு வருஷமும் அவர் தொடவில்லை. தோள்பட்டை வலி என்று ஊர் நினைத்துக்கொண்டது.

காரணம், கல்லிடைக்குறிச்சி போகிற வழியில் மூடிக்கிடந்த ஒரு நூற்பாலைக் கொட்டகையில் இருந்தது.

அந்தக் கொட்டகையை ஒரு கம்பெனி வாடகைக்கு எடுத்து, உள்ளே கிணறு போல ஆழமான தொட்டி ஒன்றைக் கட்டியது. மனிதர்களை ஏற்றிக்கொண்டு போகிற ராக்கெட் பாதி வழியில் கெட்டுப்போனால், அவர்கள் இருக்கிற கலத்தை மட்டும் உச்சியில் உள்ள சின்ன ராக்கெட் ஒன்று பிய்த்துக்கொண்டு தூரமாகப் பறந்துவிடும். பிறகு பாராசூட் விரிந்து கலம் கடலில் இறங்கும். இறங்கியது சில வேளை தலைகுப்புறக் கவிழ்ந்துவிடும். உள்ளே இருப்பவர்கள் இருட்டில், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்து வெளியே வரவேண்டும். அப்படி வர முடிகிறதா, எந்தப் பெல்ட், எந்த இருக்கை, எந்தப் பூட்டு என்று பார்த்துச் சொல்வதுதான் கம்பெனி எடுத்திருந்த ஒப்பந்தம். கலத்தைப் போலவே ஒரு இரும்புக் கூடு செய்து தொட்டிக்கு மேலே தொங்கவிட்டிருந்தார்கள். வேலைக்காரர்கள் அதைக் கூண்டு என்றார்கள்.

முதலில் பொம்மைகளை உட்காரவைத்தார்கள். பொம்மை சொன்னபடி கேட்கும், பெல்ட்டைக் கழற்றாது. அதனால் நெட்டை, குட்டை, ஒல்லி, தடி என்று பலவித உடல்வாகில், தண்ணீருக்குப் பயப்படாத ஆண்களைத் தேடினார்கள். தேடி வந்தவர்களுக்கு ஊரே, சங்கிலி என்று சுருக்கிக் கூப்பிடுகிற அவரைக் கை காட்டியது.

“என்ன சங்கிலி, நிலாவுக்கு எப்பம் போற?” என்று பக்கத்து வீட்டு உலகம்மாள் கேட்பாள். “போற அன்னைக்கு முன்கூட்டிச் சொல்லு. எம் மருமகளையும் ஒரு ஓரமா உக்காத்தி வச்சுக் கூட்டிட்டுப் போயிரு. அங்கனயே விட்டுட்டு வந்தாலும் சரி.”

“கூட்டிட்டுப் போவேன் ஆத்தா. அவ உங்களத்தான் போகச் சொல்லுதா” என்பார் அவர்.

கொஞ்ச நாளில் மனைவி இசக்கித்தாயின் தம்பி பெருமாள்ராஜையும் அங்கே சேர்த்துவிட்டார். கூண்டுக்குள் ஏறுகிறவர்களுக்குப் பெல்ட் மாட்டிவிடுவது அவன் வேலை. தோளிலிருந்து இரண்டு, இடுப்பிலிருந்து இரண்டு, கால்களுக்கு நடுவிலிருந்து ஒன்று என வருகிற பட்டைகளெல்லாம் நெஞ்சில் உள்ள வட்டமான ஒரு பக்கிளில் வந்து பூட்டிக்கொள்ளும். அதைத் திருகி அமுக்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் விட்டுவிடும். மாட்டி முடித்ததும் பெருமாள்ராஜ் தோளில் தட்டுவான். உட்கார்ந்திருப்பவர் பதிலுக்கு அவன் கையில் தட்டவேண்டும். மச்சினனும் அத்தானும் என்பதால் சங்கிலி மட்டும் அவன் மண்டையில் தட்டுவார்.

பாளையங்கோட்டையிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருகிற ஜெசி என்கிற பெண்தான் சோதனைக்குப் பொறுப்பு. அப்பா அம்மா இரண்டு பேரும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். கூண்டில் ஏறுகிறவர்களிடம் முதல் நாளே அவள் ஒன்றைச் சொல்லிவிடுவாள். “வெளிய நிக்கிற நாங்க ஆயிரம் சொல்லலாம் அண்ணாச்சி. ஆனா உள்ள இருந்தவங்க என்ன சொல்றாங்களோ அதுதான் முதல். அதுக்கு நாங்க யாரும் குறுக்கப் பேசமாட்டோம். நீங்க ஒண்ணு கோளாறுன்னு சொன்னா, அது இல்லைன்னு தெரியுற வரைக்கும் எங்களுக்கு அது கோளாறுதான்.”

சங்கிலிக்கு இது பிடித்திருந்தது. படித்தவர்கள் நாலு பேர் தன் வாயைப் பார்த்து நிற்பது எந்த மனிதனுக்குத்தான் பிடிக்காது?

நிமிர்ந்த கூண்டிலிருந்து வெளியே வருவதை எத்தனையோ தடவை சிரித்துக்கொண்டே செய்திருந்தார். மாசி மாதத்தில் ஒரு நாள், விளக்கை அணைத்து, கூண்டை முழுதாகக் கவிழ்த்துப் பார்க்கிற முறை வந்தது. பெருமாள்ராஜ் பெல்ட்டை இறுக்கித் தோளில் தட்டினான். சங்கிலி அவன் மண்டையில் தட்டினார். கதவு மூடியது.

கூண்டு தண்ணீருக்குள் இறங்கத் தொடங்கியபோதே அவருக்கு ஏதோ போல இருந்தது. ஆற்றில் எத்தனை ஆழத்துக்கு வேண்டுமானாலும் போயிருக்கிறார். ஆனால் ஆற்றில் யாரும் அவரைக் கட்டிப் போட்டதில்லை. கூண்டு உருண்டது. மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. தண்ணீர் முதலில் உச்சந்தலையைத் தொட்டது, பிறகு நெற்றி, பிறகு கண். காலிலிருந்து ஏறுகிற தண்ணீரைத்தான் அவர் உடம்பு அறியும். தலையிலிருந்து ஏறுகிற தண்ணீரை அது அறியாது. சாமியைக் கூப்பிட்டார். வாயைத் திறந்ததும் தண்ணீர் உள்ளே போனது. அதற்குப் பிறகு அவர் ஒரு ஆளாகவே இல்லை. கையும் காலும் தனித்தனியாக அடித்துக்கொண்டன. காற்சட்டையில் சிறுநீர் போனது. உள்ளேயே காத்துக்கொண்டிருந்த முக்குளிப்பவர், பின்னால் சோதித்துப் பார்ப்பதற்காகக் கம்பெனி விதிப்படி பக்கிளைத் தொடாமல், பட்டைகளைக் கத்தியால் அறுத்து அவரை வெளியே இழுத்துப் போட்டார்.

தொட்டிக் கரையில் குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கினார். எல்லாம் ஈரமாக இருந்ததால் மற்றது யாருக்கும் தெரியவில்லை. சுற்றிலும் கால்கள் நின்றன. பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்த ஜெசி கேட்டாள், “என்ன ஆச்சு அண்ணாச்சி? பயமா இருந்துச்சா?”

அவர் தலையைத் தூக்கினார். எதிரே பெருமாள்ராஜ், முகம் வெளிறிப்போய், கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

“பயமா? எனக்கா?” என்று சிரித்தார் சங்கிலி. “பக்கிளு திறக்கல மேடம்.”

அவ்வளவுதான். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. சேறு தெறித்த இடத்தைக் கை தானாகத் துடைப்பதைப் போல வந்த பொய்.

அதற்கு யாரும் குறுக்கே பேசவில்லை. மறுநாளே பக்கிளைக் கழற்றி மேஜையில் வைத்துப் பாகம் பாகமாகப் பார்த்தார்கள். மணலைப் போட்டுத் திறந்தார்கள், எண்ணெய் தடவித் திறந்தார்கள், உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத் திறந்தார்கள். கையுறை போட்டுக்கொண்டும், நடுங்குகிற கையைப் போல் ஆட்டிக்கொண்டும் திறந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அது திறந்தது. ஜெசி விடவில்லை. சாப்பாட்டு நேரத்திலும் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் பக்கிளை வைத்துக்கொண்டு ஒரு கையால் திருகிக்கொண்டிருப்பாள். சங்கிலி அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார்.

பக்கிளில் கோளாறு இல்லையென்றால் மாட்டியவன் கையில் கோளாறு. ஆட்களைச் சப்ளை செய்கிற காண்டிராக்டரின் மேஸ்திரி கார்த்திகேசன், கம்பெனியைக் கேட்காமலேயே இந்த முடிவுக்கு வந்தான். “பட்டை நாக்கு ஒண்ணு பக்கிள்ல சரியா உக்காராம இருந்திருக்கும்லே. நாளைக்கு ஒரு உசுரு போச்சுன்னா எவன் பதில் சொல்லுதது? நீ கொஞ்ச நாள் வீட்ல இரு” என்று பெருமாள்ராஜை நிறுத்திவிட்டான். கம்பெனியில் கேட்டபோது, அவன் தானாகவே நின்றுவிட்டான் என்று சொல்லிவிட்டான்.

சங்கிலி அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தார். ஆனால் வீட்டில் காரியம் அதற்குள் முற்றிவிட்டது. செய்தி கேட்டதும் இசக்கித்தாய் தம்பியை வாசலிலேயே நிறுத்தினாள்.

“உள்ள வராத. எந் தாலிய அறுக்கப் பாத்தவன் எம் வீட்டுப் படிய மிதிக்கக் கூடாது.”

“யக்கா, நான் எப்பமும் மாட்டுத மாதிரிதான்க்கா மாட்டுனேன்.”

“கவனம் எங்கலே இருந்துச்சு? போன்ல இருந்திருக்கும்.”

“தெரியலக்கா. எனக்கே தெரியல. சரியாத்தான் மாட்டுனேன்னு நினைக்கேன்.”

உள்ளே கட்டிலில் உட்கார்ந்து சங்கிலி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ‘நினைக்கேன்’ என்று அவன் சொன்னதுதான் அவரைக் குத்தியது. பொய்யைச் சொன்னவர் அவர். தன் கையையே நம்பாமல் போனவன் அவன்.

சித்திரையில் கொடை வந்தது. இந்த வருஷம் சங்கிலியை வேறு யாராவது எடுக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தார். சாவின் வாய்க்குள் போய்த் திரும்பி வந்த சாமியாடி அல்லவா, ஊர் விடுமா? நடுப்பகல் உச்சிக்கொடையில் மேளம் முறுக்கேறியபோது சங்கிலியைத் தோளில் போட்டார்கள். சாமி வருமா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது. கால்களுக்கு மேளம் பழக்கம், அவை ஆடின. கைகளுக்கு இரும்பு பழக்கம். அவை தோளுக்குப் போய்ப் பற்றி இழுத்தன. மார்பில் அடி விழுந்தது. வலித்தது. முந்தைய வருஷங்களில் வலித்ததா என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

குறி கேட்க வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். ஒருத்திக்குப் பிள்ளை வரம், ஒருவனுக்கு ஆழ்துளைக் கிணறு. அவர்களுக்கு ஏதோ சொல்லித் திருநீறு கொடுத்தார். அடுத்து வந்து நின்றவன் பெருமாள்ராஜ். தாடி வளர்ந்திருந்தது. கூட்டம் அமைதியானது. கொஞ்சம் தள்ளி நின்ற இசக்கித்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“சாமி,” என்றான் அவன். கை கூப்பியிருந்தது. “அன்னைக்குப் பக்கிள நான் சரியா மாட்டலையா? எங் கையில குத்தமா? எனக்கு அன்னையில இருந்து உறக்கம் இல்ல. நீயே சொல்லிரு. குத்தம்னா குத்தம்னு சொல்லிரு, நான் தாங்கிக்கிடுதேன்.”

மேளக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள். சங்கிலியின் வாய் திறந்தது.

“ஏலே மக்கா, உங் கையில குத்தமில்ல. கலங்காதலே.”

பெருமாள்ராஜ் அப்படியே சரிந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். இசக்கித்தாயும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கூட்டத்தில் பேச்சு கிளம்பியது. “அப்போ மிஷின்லதான் குத்தம்” என்றது ஒரு குரல். “நான் அன்னைக்கே சொன்னேம்லா, அது வெளியூருச் சாமான்னு” என்றாள் உலகம்மாள். கை, இல்லையென்றால் மிஷின். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எதிரே சங்கிலியைப் போட்டுக்கொண்டு நின்ற மூன்றாவதற்கு மட்டும் தெரியும்.

பெருமாள்ராஜ் திருநீறு பூசிய நெற்றியோடு நேரே கார்த்திகேசனிடம் போனான். சாமியே சொல்லிவிட்டது, வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டான். கார்த்திகேசன் டீக்கடையில் பத்துப் பேருக்கு நடுவில் இருந்தான். “சரிலே. சாமிய ஒரு எட்டு வந்து ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போகச் சொல்லு” என்றான். கடையே சிரித்தது. மறுநாள் பெருமாள்ராஜ் ஊரில் இல்லை. ஏரலில் ஒரு வாழைத்தார் மண்டியில் சுமை தூக்கப் போய்விட்டான் என்று தெரிந்தது.

டீக்கடைச் சிரிப்பைக் கேள்விப்பட்ட பிறகுதான் சங்கிலி ஜெசியின் மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

“மேடம், பக்கிளு திறக்காமப் போகல. நான் அதைத் தொடவே இல்ல.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

“உங்க நெஞ்சுல ஒரு பட்டை ஒட்டியிருந்தோம்லா, நெஞ்சுத் துடிப்பை அளக்க,” என்றாள். “கூண்டு உருளுறதுக்கு முன்னாலயே துடிப்பு எங்கயோ ஏறிருச்சு. எனக்கு அப்பவே சந்தேகம்தான். ஆனா நீங்க பக்கிள்னு சொன்னீங்க. உள்ள இருந்தவங்க சொல்லிட்டா, பாத்துத்தான் ஆகணும்.”

“சந்தேகப்பட்டும் இத்தன நாளு அதையே திறந்து திறந்து பாத்தீங்களா?”

“வேற என்ன செய்ய?”

அதற்கு அவளிடம் கோபம்கூட இல்லை. களைப்புதான் இருந்தது. பெருமாள்ராஜ் விஷயத்தைச் சொன்னபோதுதான் அவள் குரல் உயர்ந்தது. “தானா நின்னுட்டார்னுல்லா சொன்னாங்க. நீங்களாவது எங்கிட்ட வந்து சொல்லக் கூடாதா அண்ணாச்சி?” பிறகு தணிந்து, “பயந்துட்டேன்னு சொல்லியிருந்தா நாங்க சந்தோஷப்பட்டிருப்போம். பயந்த கை எங்க போகும்னு பாக்கத்தானே இந்தத் தொட்டி, இந்தக் கூண்டு எல்லாம். அது மட்டும்தான் எங்களுக்குத் தெரியாது” என்றாள்.

பயிற்சி நாற்காலியில் அவரை உட்காரவைத்துத் தானே பெல்ட்டை மாட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு அன்றைக்கு நடந்ததை நினைத்துக்கொள்ளச் சொன்னாள். உச்சந்தலையில் தண்ணீர் தொட்டது ஞாபகம் வந்ததும் அவர் உடம்பு விறைத்தது. கைகள் எழுந்தன. நெஞ்சில் இருந்த பக்கிளைத் தாண்டி மேலே போய், இரண்டு தோளிலும் இருந்த பட்டைகளை இறுகப் பற்றி இழுத்தன.

“இங்கயா?” என்றாள் ஜெசி, ஆச்சரியத்தோடு. “தோள்ல ஒண்ணுமே இல்லையே. இங்க ஏன் போகுது?”

கண்ணைத் திறந்து தன் கைகளைப் பார்த்தவருக்குப் புரிந்துவிட்டது. கூண்டுக்குள் அவர் சாமியைக் கூப்பிட்டிருந்தார். சாமியைக் கூப்பிட்ட உடம்பு, தோளில் சங்கிலியைத் தேடியிருக்கிறது. அதைப் பாளையங்கோட்டைப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

“பழக்கம் மேடம்” என்று மட்டும் சொன்னார்.

“இதை நான் எழுதணும். உங்க பேரோட. முன்ன சொன்னது தப்புன்னும் எழுதணும்.”

“எழுதுங்க.”

ஏரல் மண்டியில் பெருமாள்ராஜ் லாரி மேல் நின்று தார் வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தான். அத்தானைப் பார்த்ததும் குதித்து இறங்கி, வாழைக்கறை படிந்த கையை வேட்டியில் துடைத்தபடி சிரித்தான். “வாங்கத்தான். அக்கா அனுப்பினாளா?” என்று கேட்டுக்கொண்டே டீ சொல்லப் போனவனை நிறுத்தி, லாரியின் நிழலில் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். சிறுநீர் போனதையும் விடவில்லை. வேலைக்குத் திரும்ப வரலாம் என்று மேடம் சொன்னதையும் சொன்னார்.

அவன் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது.

“சரி,” என்றான். “பயந்துட்டிய. யாருந்தான் பயப்படுவா. கொடையில சொன்னது?”

“எது?”

“எங் கையில குத்தமில்லன்னு சொன்னது. அது சாமியா, நீங்களா?”

“தெரியலலே.”

“தெரியலன்னா என்ன அர்த்தம்?”

“வாயில வந்துச்சு. எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல.”

பெருமாள்ராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தான். அதுவரை அத்தான், நீங்க என்று பேசியவன், யாரோ ஊரானிடம் பேசுவதுபோல ‘வே’க்கு மாறிவிட்டான்.

“வேல போனா போட்டும் வே. டீக்கடையில சிரிச்சாம்லா, அதுவும் போட்டும். சுமை தூக்கிப் பொழச்சுக்கிடுவேன். ஆனா ஊரு பாக்க நான் ஒரு காலுல விழுந்தேன். அழுதேன். அது யாரு காலு?”

லாரி மேலிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் திரும்பினான். ஏறுவதற்கு முன், “அக்காகிட்ட நீரே சொல்லிரும். நான் சொன்னா நம்பமாட்டா” என்றான்.

வீட்டுக்கு வந்து சொன்னார். இசக்கித்தாய் உலையில் அரிசியைப் போடப் போனவள், போடாமல் அரிசி இருந்த சுளகைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை.

“தாலியறுக்கப் பாத்தவன்னு சொன்னேனே அவனை,” என்றாள் சுவரைப் பார்த்து. “நீங்க உள்ளதான இருந்திய. கேட்டுக்கிட்டுத்தான இருந்திய.”

“ஆமா.”

அவள் அடுப்பை அணைத்துவிட்டு நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவரும் சட்டையை எடுத்தார்.

“நீங்க வராதிய.”

“ஏரலுக்கு ரெண்டு பஸ் மாறணும். தனியாப் போயிருவியா?”

“போயிருவேன். அவன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். நீங்க பக்கத்துல வந்து நின்னா, உங்களுக்காகக் கேக்க மாதிரி ஆயிரும்.”